நோயாளர் வாசல் தேடி நடந்தவர்: புனித யோசப் வாஸ் அடிகளாரும் அவர் சுமந்த மூட்டையும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 16ஆம் திகதி இலங்கைக் கத்தோலிக்கர் ஒரு குருவை நினைவுகூருகின்றனர். மன்னார்த் தீவில் அவர் பெயரில் ஒரு கிராமமே இருக்கிறது. இவர்தான் இலங்கையின் அப்போஸ்தலர் என்று அழைக்கப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுத் திருத்தலத்துக்கு வந்து, போரில் உறவுகளை இழந்த மக்களோடு சேர்ந்து மன்றாடியதை எம்மில் பலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள்.

அடிகளாரைப் பற்றிப் பேசும்போது மழை பெய்வித்த அற்புதமும் யானை வழிவிட்ட கதையும்தான் பெரும்பாலும் சொல்லப்படுகின்றன. அவரது வாழ்வின் பெரும்பகுதி வேறோர் எளிய வேலையிலேயே கழிந்தது. எழுந்து ஆலயத்துக்கு வரமுடியாதவர்களின் வீடு தேடிப் போவதே அந்த வேலை. தோளில் ஒரு மூட்டை, கழுத்தில் ஒரு செபமாலை, கால்நடையாக ஊர் ஊராக. அந்த மூட்டைக்குள் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்று பார்த்தால், போருக்குப் பின் வீட்டோடு முடங்கிக் கிடக்கும் எங்கள் உறவுகளைப் பார்க்கப் போகும் எமக்கும் அதில் பாடம் உண்டு.

குரு இல்லாத முப்பது ஆண்டுகள்

அடிகளார் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே மன்னார் மக்கள் தமது விசுவாசத்துக்கு விலை கொடுத்தவர்கள். 1544இல் மன்னார்த் தீவில் திருமுழுக்குப் பெற்ற நூற்றுக்கணக்கானோர் யாழ்ப்பாண அரசனின் படையால் கொல்லப்பட்டனர். மன்னார் வேதசாட்சிகள் என்று நாம் போற்றுவது அவர்களைத்தான். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார்கள். கரையோரமெங்கும் ஆலயங்கள் எழுந்தன.

1658இல் நிலைமை தலைகீழானது. மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கத்தோலிக்க ஆலயங்கள் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து வழிபாட்டு இடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாறின. மாந்தையில் இருந்த மாதாவின் சொரூபத்தைச் சில குடும்பங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி மருதமடுவில் குடியேறியதும் இந்தக் காலத்தில்தான்; 1670ஆம் ஆண்டளவில் என்பது மடுத் திருத்தலத்தின் வரலாறு. 2008 ஏப்ரலில் அதே சொரூபம் ஷெல் வீச்சுக்குத் தப்பி மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டதைக் கண்டவர்களுக்கு, மாந்தை மக்களின் அந்த ஓட்டத்தை விளக்கத் தேவையில்லை.

குரு இல்லை என்பதன் பொருள் ஞாயிறு திருப்பலி இல்லை என்பது மட்டுமல்ல. பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதற்கு மூப்பர் இருந்தார். செபம் சொல்லிக்கொடுக்க அண்ணாவியார் இருந்தார். ஆனால் சாகக் கிடப்பவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கவும், நோயிற்பூசுதல் கொடுக்கவும், கடைசி நற்கருணை கொடுக்கவும் குரு ஒருவர்தான் வேண்டும். 1658இல் பிறந்த பிள்ளை 29 வயதாகும்வரை ஒரு குருவைக் கண்டிராது. அதற்குள் அதன் பாட்டனும் பாட்டியும் ஒருவேளை தாயும் தகப்பனும் அந்த ஆறுதல் இல்லாமலே கண்ணை மூடியிருப்பார்கள். இந்தச் செய்திதான் கோவாவில் இருந்த ஓர் இளம் குருவின் நித்திரையைக் கெடுத்தது.

கோவாவிலிருந்து புறப்பட்டவர்

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனவுலிம் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் கிறிஸ்தோவாவ் வாஸ், தாய் மரியா டி மிராண்டா. தாய்மொழி கொங்கணி. போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, கோவா நகரில் மெய்யியலும் இறையியலும் படித்து, 1676இல் குருவானார். சில ஆண்டுகள் கன்னடக் கரையோரத்தில் மறைப்பணி செய்தார். கோவாவுக்குத் திரும்பியபின் 1685இல், உள்நாட்டுக் குருக்கள் சிலர் சேர்ந்து வாழத் தொடங்கியிருந்த ஒரு சிறு குழுவில் இணைந்தார். கோவா ஒரட்டோரியன் சபை என்று பின்னர் பெயர்பெற்ற அந்தக் குழு அவரையே தலைவராக்கியது.

அடுத்த ஆண்டே அவர் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு இலங்கைக்குப் புறப்பட்டார். ஐரோப்பியக் குரு ஒருவர் ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் இலங்கைக்குள் நடமாட முடியாது. நிறமே காட்டிக்கொடுத்துவிடும். கொங்கணிக் கறுத்த மனிதர் ஒருவர் அரையில் ஒரு துண்டும் தோளில் ஒரு மூட்டையுமாகக் கூலிக்காரரைப் போல நடந்தால் காவற்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான். இதை அவர் நன்றாக உணர்ந்திருந்தார். யோவான் என்ற பணியாளர் ஒருவர் கூடவந்தார். இருவரும் பிச்சைக்காரர் வேடத்தில் கோவாவிலிருந்து தூத்துக்குடி வந்து சேர்ந்தார்கள்.

1687ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். கடல் கொந்தளித்து, உணவும் தண்ணீரும் இல்லாமல் அலைக்கழிந்து, மன்னார்க் கரையில் ஒதுங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். அந்தக் கடலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரு திசையிலும் தோணி ஏறிய அனுபவம் மன்னார் மக்களுக்குப் புதிதல்ல.

முதலில் நோயாளி, பிறகுதான் குரு

யாழ்ப்பாணத்தில் கால் வைத்ததும் அவருக்குக் கடுமையான வயிற்றுளைவு வந்தது. தொற்றுநோய் என்று பயந்த மக்கள் யாரும் வீட்டில் சேர்க்கவில்லை. மொழி தெரியாத ஊரில், எழுந்து நிற்கவும் பலமில்லாமல், பணியாளரோடு ஊருக்கு வெளியே கிடந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சிதான் அவரைப் பிழைக்கவைத்தது என்பது வரலாறு. அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். இலங்கை முழுவதும் நோயாளரைத் தேடித் திரியப்போகும் ஒருவர், இந்த மண்ணில் முதலில் பெற்றது ஒரு நோயாளர் சந்திப்பைத்தான். வந்தவர் பிரசங்கம் வைக்கவில்லை. அவருக்கு இவரது மொழியும் தெரிந்திருக்காது. வயிறு எதைத் தாங்குமோ அதைக் காய்ச்சி, சூட்டோடு கொண்டுவந்தார். நோய்க்காரருக்கு வேண்டியது எது என்று பார்த்துக் கொண்டுபோவது எப்படி என்பதை அடிகளார் அந்தக் கஞ்சியில் கற்றிருக்கவேண்டும். பின்னாளில் அவர் செய்தவற்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

உடல் தேறியதும் செபமாலையைக் கழுத்தில் வெளிப்படையாகப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் ஒளித்து வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களைக் கண்டுபிடித்தார். நம்பிக்கை வந்த பிறகே தான் ஒரு குரு என்பதை வெளியே சொன்னார். தமிழைக் கற்றுக்கொண்டார்.

மூட்டைக்குள் என்ன இருந்தது?

அக்காலத் திருச்சபை ஒழுங்கின்படி ஒரு குரு ஆலயத்துக்கு வெளியே திருப்பலி நிறைவேற்ற வேண்டுமானால் சில பொருட்கள் கட்டாயம் வேண்டும். ஆயர் அர்ச்சித்த பீடக்கல், திருக்கிண்ணம், திருத்தட்டு, பூசைப் புத்தகம், வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுதிரி, திருவுடை, கோதுமை மாவில் சுட்ட அப்பம், திராட்சை இரசம். நோயாளருக்கு என்றால் இன்னும் இரண்டு: நற்கருணையை எடுத்துச்செல்லும் சிமிழும் நோயாளர் எண்ணெயும். அந்த எண்ணெய் ஒலிவ எண்ணெய். பெரிய வியாழன் வழிபாட்டில் ஆயர் மந்திரித்தது.

வீட்டில் உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் படிப்பது எளிது. ஒல்லாந்தரின் காவலுக்குள் இதைச் சுமந்துபோவது வேறு. கோதுமை எங்கள் மண்ணில் விளைவதில்லை. ஒலிவமும் இல்லை. ஆயரும் இல்லை. எல்லாம் கடல் கடந்துதான் வரவேண்டும். ஒரு குப்பி இரசம் உடைந்தால் எத்தனையோ ஊர்களுக்குத் திருப்பலி இல்லை. அப்பத்தில் பூஞ்சணம் பிடித்தால், எண்ணெய் சிந்தினால், போட்டதெல்லாம் போச்சு. எனவே எது முக்கியம், எது இல்லாமல் சமாளிக்கலாம், மழையில் எதை நனையவிடக் கூடாது, சோதனை வந்தால் எதை எங்கே ஒளிப்பது என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் யோசித்தாகவேண்டும். சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டிய எங்களுக்கு இது கதையல்ல.

யாழ்ப்பாணத்தில் சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. பகலில் மறைந்திருப்பார். இருட்டிய பிறகு நோயாளரின் வீடுகளுக்குப் போவார். பொழுது விடியுமுன் திரும்புவார். அங்கே ஒரு கிறிஸ்மஸ் இரவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தார்கள். பலர் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். அடிகளார் தப்பினார். அவரை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர் ஏன் எப்போதும் மறைவாகவே போனார் என்பதற்கு இது விடை. தன் உயிருக்குப் பயந்தல்ல. அவர் ஒரு வீட்டுக்குப் போனது வெளியே தெரிந்தால் அந்த வீட்டுக்காரருக்குத்தான் ஆபத்து. உதவி செய்பவரின் வருகையே உதவி பெறுபவருக்குத் துன்பமாகிவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

கண்டியில் சிறையும் மழையும்

யாழ்ப்பாணத்தில் இருக்கமுடியாத நிலை வந்தபோது 1690இல் புத்தளத்துக்குப் போனார். அது கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட இடம். ஒல்லாந்தரின் சட்டம் அங்கே செல்லாது. அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போனார். அரசவையில் இருந்த லானரோல் என்ற பிரெஞ்சுக்காரர், கல்வீனிய சபையைச் சேர்ந்தவர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசனிடம் கூறினார். அடிகளார் சிறைவைக்கப்பட்டார். விசாரணையில் குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமலே அடைபட்டுக் கிடப்பது என்றால் என்ன என்பதை எங்கள் வீடுகளில் தெரிந்தவர்கள் பலர்.

அவர் சிறை நாட்களை வீணாக்கவில்லை. சிங்களம் படித்தார். காவல் தளர்ந்ததும் ஒரு கொட்டில் போட்டு அதையே ஆலயமாக்கினார். பிறகு கண்டியில் கடும் வரட்சி வந்தபோது இரண்டாம் விமலதர்மசூரியன் அவரிடம் மன்றாடக் கேட்டதாகவும், அவர் பொதுவெளியில் சிலுவை நாட்டிச் செபித்ததும் மழை கொட்டியதாகவும் மரபு. அதன் பின்னர் இராச்சியமெங்கும் சுதந்திரமாக நடமாட அரசன் அனுமதித்தான்.

வைசூரி ஆண்டு

1697ஆம் ஆண்டு கண்டியில் வைசூரி பரவியது. தடுப்பூசி என்ற ஒன்று உலகிலேயே இல்லாத காலம். அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு விலகினார்கள். வீட்டில் ஒருவருக்குக் கொப்புளம் கண்டால் அவரைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பசியிலும் தாகத்திலும், காட்டு மிருகங்களின் வாயிலும் இறந்தவர்கள் நோயால் இறந்தவர்களுக்குக் குறைவில்லை.

அந்த வேளையில் அடிகளாரும், கோவாவிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவரது மருமகனான யோசப் கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினார்கள். காட்டுக்குள் தேடிப்போய் நோயாளரைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குக் கொட்டில்கள் போட்டார்கள். கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் விடுதிகளாக மாற்றினார்கள். ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தார்கள். உணவு, மருந்து, துணி என்று சுமந்துபோனார்கள். புண்ணைக் கழுவினார்கள். இறந்தவரைத் தாங்களே குழிவெட்டிப் புதைத்தார்கள்.

அந்த நோயாளரில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர் அல்லர், பௌத்தர்கள். அவர்களுக்காக மூட்டையில் ஏறியவை சோறும் கஞ்சியும் துணியும்தான். கேட்டவருக்கு மட்டுமே திருவருட்சாதனம். யாழ்ப்பாணத்தில் தனக்கு வந்த கஞ்சியை அவர் பத்து ஆண்டுகள் கழித்து, வேறு மொழி பேசும் வேறு சமயத்து மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று சொன்னால் பிழையில்லை. நகருக்குத் திரும்பிய அரசன் இதைக் கேள்விப்பட்டு வியந்தான். அவர்மீது கொண்ட மதிப்பை இறக்கும்வரை மாற்றவில்லை.

தனியே சுமக்காமல் பகிர்ந்த சுமை

கொச்சி ஆயர் அவரை இலங்கைக்குக் குருமுதல்வராக நியமித்தார். ஆயராகும் வாய்ப்பு வந்தபோது அவர் மறுத்துவிட்டார். கண்டியை மையமாக வைத்துக்கொண்டு புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று நடந்தார். ஒரே ஆள் ஒரு தீவு முழுவதும் உள்ள நோயாளரைச் சந்திக்கமுடியாது என்பது அவருக்குத் தெரியும். எனவே இரண்டு ஏற்பாடுகள் செய்தார்.

ஒன்று, ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் பலப்படுத்தினார். குரு வராத மாதங்களில் யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று அறிந்துவைத்திருப்பதும், அங்கே போய்ச் செபம் சொல்வதும், சாவு நெருங்கினால் பக்கத்தில் இருப்பதும் அவர்கள் பொறுப்பு. இதற்காகச் செபங்களும் மறைக்கல்விப் பாடங்களும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பரப்பப்பட்டன. குருவின் மூட்டை வர முடியாத இடத்துக்கும் ஓர் ஏட்டுப் பிரதி போய்ச் சேரும் அல்லவா?

மற்றது, கோவாவிலிருந்து மேலும் குருக்களை வரவழைத்தார். 1705இல் புதியவர்கள் வந்ததும் நாட்டை எட்டுப் பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு குருவை நியமித்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தவக்காலத்தில் மன்னார்க் கிராமங்களில் இன்றும் கண்ணீரோடு வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் எழுதியது. எழுத்தறியாதவரும் படுக்கையில் கிடப்பவரும் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிடக்கூடிய மொழி அது.

கல்லறை இல்லாத புனிதர்

இடைவிடாத நடை அவரது உடலைக் கரைத்தது. கடைசி நாட்களில் அவரே கண்டியில் படுக்கையில் வீழ்ந்தார். தன்னால் வளர்க்கப்பட்ட இளம் குருக்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்கள். வாழ்நாள் முழுவதும் செய்யாத ஒன்றைச் சாகும் வேளையில் செய்வது கடினம் என்று அவர்களுக்கு நினைவூட்டியதாகச் சொல்வர். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி இரவு, 59ஆவது வயதில் இறந்தார். அரசன் நரேந்திரசிங்கன் காலம் அது. கண்டியிலிருந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பின்னர் வந்த அரசன் ஒருவன் காலத்தில் கண்டிக் கத்தோலிக்கர்மீது கெடுபிடி வந்து ஆலயம் அழிந்தது. அடிகளாரின் கல்லறை எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. உலகம் வணங்கும் ஒரு புனிதருக்கு மண்ணில் அடையாளம் இல்லை. தமது பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று அறியாமல், விளக்கு வைக்க ஓர் இடம் இல்லாமல் இருக்கும் எங்கள் தாய்மாருக்கு இது ஆறுதலாகுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கல்லறை இல்லாதவரையும் 300 ஆண்டுகள் கழித்துப் பெயர்சொல்லி அழைக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை.

இன்றைய பைக்குள் எதை வைப்பது?

பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை, அரிப்பு, விடத்தல்தீவு என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டோடு முடங்கியவர்கள் இருக்கிறார்கள். ஷெல்லில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்கள், கால் இழந்து வயதும் ஏறியதால் செயற்கைக் காலும் போடமுடியாதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் அல்லது காணாமலாக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கத் தனித்துக் கிடக்கும் முதியவர்கள். மாத முதல் வெள்ளியில் குருவோ நற்கருணைப் பணியாளரோ போகிறார். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் டி போல் சபையினரும் போகிறார்கள். பெப்ரவரி 11ஆம் திகதி உலக நோயாளர் தினத்தை ஒட்டி இளைஞர்களும் போகிறார்கள். நல்ல மனதோடு போகிறவர்கள் பையை நிரப்பும்போதுதான் சில இடங்களில் தவறுகிறார்கள்.

முதலாவது, போவதற்கு முன் கேளுங்கள். சர்க்கரை வியாதிக்காரருக்கு மோல்ட் மாவும் கிறீம் பிஸ்கட்டும், சிறுநீரகம் பழுதானவருக்குச் செவ்விளநீரும் வாழைப்பழமும் கொண்டுபோவதால் நன்மையில்லை, தீமை உண்டு. பாரிசவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பிஸ்கட் புரைக்கேறும். வீட்டில் பார்ப்பவரிடம் முதல்நாள் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும். யாழ்ப்பாணத்துப் பெண் கஞ்சியைத்தான் கொண்டுவந்தார், பலகாரத்தை அல்ல.

இரண்டாவது, படுக்கையில் கிடப்பவருக்கு மிக வேண்டியவை பெரும்பாலும் நாம் கொடுக்கக் கூச்சப்படும் பொருட்கள்தான். பெரியவர்களுக்கான பம்பர்ஸ், சிறுநீர்ப் பை, கையுறை, மெல்லிய பழைய பருத்திச் சேலைத் துணி, வாசனை குறைந்த சவர்க்காரம், வளையும் குழாய் உள்ள தண்ணீர்ப் போத்தல். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். காற்று மெத்தை வாங்கப் பணமில்லை என்றால், புரட்டிவிட்டுக் கைமாற்றும் ஓர் அயலவரும் பெரிய பரிசுதான். பார்ப்பவரையும் மறக்கக் கூடாது. கணவனைப் பதினைந்து ஆண்டுகளாகத் தூக்கித் தூக்கி நாரி உடைந்த மனைவிக்கு, அரை நாள் ஓய்வு கொடுக்க ஒருவர் வந்து இருப்பதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்றாவது, செபத்துக்கானவை. நற்கருணை கொண்டுவரும் நாளில் கட்டிலருகே ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, தீர்த்தம், குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர் என்று ஆயத்தம் செய்வது எங்கள் வீடுகளின் பழக்கம். ஒட்சிசன் பயன்படுத்துபவரின் அறையில் மெழுகுதிரி கொளுத்தவேண்டாம். விழுங்க முடியாதவருக்கு அப்பத்தின் சிறு துணுக்கே போதும். அதுவும் முடியாதென்றால் முன்கூட்டியே குருவிடம் சொன்னால் திரு இரத்தம் மட்டும் கொடுக்கவும் வழியுண்டு. கண் மங்கியவருக்குப் பெரிய எழுத்துச் செபப் புத்தகம் நல்லது. விரல் இழந்தவருக்குப் பெருமணிச் செபமாலை உதவும். காது கேட்பவருக்குத் தொலைபேசியில் பதிவுசெய்த தங்கள் ஊர் ஆலயத்துத் திருப்பலியும் பசானும் கேட்கவைக்கலாம். சொந்த ஊர் ஆலய மணியின் சத்தம் சிலருக்கு மருந்தைவிடப் பெரிது. போகும் வீடு இந்து வீடாகவோ முஸ்லிம் வீடாகவோ இருந்தால் செபமாலையை வெளியே எடுக்கத் தேவையில்லை. கண்டிக் காட்டில் அடிகளார் செய்ததைச் செய்தால் போதும்.

கடைசியாக ஒன்று. இப்போது ஒரு பொதி மா கொடுத்தாலும் படம் எடுக்கிறார்கள். கட்டிலில் கிடப்பவரின் முகமும் புண்ணும் நிலைமையும் முகநூலில் வந்துவிடுகின்றன. கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பது புரிகிறது. பற்றுச்சீட்டும் கையொப்பமும் அதற்குப் போதும். ஒரு காலத்தில் கௌரவமாக வாழ்ந்தவர், ஊருக்கே சோறு போட்டவர், தன் இயலாமை வெளிநாட்டு உறவினரின் தொலைபேசிக்குப் போவதை எண்ணிக் கூசுவதை நாம் நினைத்துப் பார்க்கிறோமா? யோசப் வாஸ் அடிகளார் இருட்டில் வந்து இருட்டில் போனார். தான் போன வீட்டின் பெயரை வெளியே சொல்லவில்லை. அதனால்தான் மக்கள் அவருக்குக் கதவைத் திறந்தார்கள்.

வருகிற தை 16க்கு ஆலயத்தில் பூ வைப்பது நல்லது. அதோடு, உங்கள் தெருவில் இந்த மாதம் யாரும் போய்ப் பார்க்காத வீடு எது என்று ஒருமுறை விசாரியுங்கள். முதல்நாள் கேட்டு, மறுநாள் வேண்டியதைப் பையில் போட்டுக்கொண்டு, தொலைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கொஞ்ச நேரம் கட்டிலருகே இருந்துவிட்டு வாருங்கள்.